கம்பவுண்டர் கொடுத்த பத்து மாத்திரை

ஐப்பசி 18, சனி

இன்று காலை பத்தரைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் என் மகள் கோமதி. வீட்டில் கூப்பிடுவது கோமு. அவள் கால்மாட்டில், பொத்தானை மாற்றி மாட்டிய சட்டையோடு மருமகன் செல்லப்பா. சிறுநீரக டாக்டர் மீரான். நர்ஸ் புனிதா. ஜன்னலோர ஸ்டூலில் நான், ஆவுடையம்மாள். வேறு யாரும் இல்லை. தேவசகாயம் கம்பவுண்டர் இல்லை. அவன் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. இல்லாதவனை எதற்கு எழுதுகிறேன் என்றால், பேச்சு அவனைப் பற்றித்தான் போயிற்று.

டாக்டர் கேட்டார். "இவங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? சின்ன வயசுலகூட?"

கோமு என்னைப் பார்த்தாள். செல்லப்பாவும் என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பழைய சங்கதி எதுவானாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான் சொன்னேன். நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு மறுநாள். பிள்ளைக்கு ஆறு வயது. சீதபேதி. தேவசகாயம் கம்பவுண்டர் கொடுத்தது சல்பா மாத்திரை. கோடு போட்ட நோட்டுத்தாளில் மடித்துப் பத்து. வெள்ளை நிறம், நடுவில் ஒரு வெட்டு. அன்று சாயங்காலம் பிள்ளைக்கு வாய் வெந்து, உதடு தடித்து, கழுத்துத் தோல் வாழைப்பட்டை உரிகிற மாதிரி உரிந்தது. பதினொரு நாள் பாலைப் பஞ்சில் நனைத்து வாயில் விட்டேன்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. சிவப்பு மையில் எழுதி இரண்டு தடவை கோடு இழுத்தார். புனிதா கோமுவின் கையில் ஒரு சிவப்புப் பட்டை கட்டினாள்.

"இவ்வளவு தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க ஆச்சி" என்றார் டாக்டர். "பெரிய உபகாரம் பண்ணியிருக்கீங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

ஐப்பசி 19, ஞாயிறு

இந்த நோட்டு எட்டு மாதத்துக்கு முன்னால் புனிதா கொடுத்தது. கோமுவுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் பாதியில் அவளுக்கு நாடி விழுந்துவிட்டது, இதயம் தாங்காது என்றார்கள். பிறகுதான் வயிற்றில் ஒரு ரப்பர் குழாய் வைத்தார்கள். தினம் நான்கு தடவை, ஒரு பை மருந்துத் தண்ணீரை அதன் வழியாக உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து உடம்பின் கழிவோடு அதை வெளியே எடுக்க வேண்டும். அந்தக் குழாய்தான் என் பிள்ளையின் உயிர்.

பையை மாட்டுவது செல்லப்பா. எழுதுவது நான். நேரம், உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, நிறம் என்ன. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இது போதும். வலது பக்கத்தில் எண்கள். இடது பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, அதில் என் பாட்டுக்கு எழுதிக்கொள்கிறேன்.

பை குளிர்ச்சியாக உள்ளே போனால் பிள்ளைக்கு வயிறு நடுங்குகிறது. அதற்காக வெயிலில் வைத்த பித்தளை அண்டாத் தண்ணீரில் பையை அரை மணி நேரம் மிதக்க விடுவேன். பெற்றவளுக்குத் தோன்றுவது ஆஸ்பத்திரிக்குத் தோன்றாது.

வெளியே வந்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கும்படி தெரிய வேண்டும் என்று புனிதா சொல்லியிருந்தாள். எட்டு மாதம் 'தெளிவு' 'தெளிவு' என்றே எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை எழுத்து தெரியவில்லை. கஞ்சித் தண்ணீர்.

ஐப்பசி 20, திங்கள்

உள்ளே இரண்டாயிரம் மில்லி. வெளியே ஆயிரத்து எழுநூறு. கஞ்சி. தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு. கோமு இரண்டு வாய் இட்லி தின்று அதையும் வாந்தி எடுத்துவிட்டாள்.

ஐப்பசி 22, புதன்

கிருமிக்குப் பெயர் தெரிந்துவிட்டது. புனிதா துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்: கிரைசியோபாக்டீரியம்.

"அதிகம் வராத கிருமி ஆச்சி இது" என்றார் டாக்டர் மீரான். "என் அனுபவத்துல இது மூணாவது ஆள். மண்ணுல, தண்ணியில அது பாட்டுக்குக் கிடக்கும். குழாய்த் தண்ணியில போடுற குளோரினுக்குக்கூடச் சாகாது. நாம குடிச்சா ஒண்ணும் பண்ணாது. உடம்புக்குள்ள இந்த மாதிரி டியூப் இருந்தா, அதுல பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திடும்."

"பெரிய ஊசியெல்லாம் போடுதியளே தம்பி, அதுக்குமா சாகல?"

"பெரிய ஊசியை உடைக்கிற வித்தை இதுக்குப் பிறவியிலேயே உண்டு. நாம கடைசியா எடுக்கிற மருந்தை இது முதல்லயே தோற்கடிச்சிடும். எந்த மருந்துக்கு அடங்குதுன்னு ஆய்வகத்துல பார்த்துக்கிட்டிருக்காங்க."

பிறகு புனிதா எங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். "தண்ணியில இருந்துதான் வந்திருக்கும். பையை மாட்டும்போது பக்கத்துல தண்ணி எதுவும் இருக்குமா? சூடு பண்ணுதியளா?"

செல்லப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "துண்டுல சுத்தி வப்போம் சிஸ்டர். அவ்வளவுதான்."

நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆச்சி, விரலைக் காட்டுங்க" என்று புனிதா என் வலது கையைப் பிடித்தாள், கை கழுவுகிற முறையைச் சொல்லிக் கொடுக்க. ஆள்காட்டி விரல் நுனியைத் தடவி, "இது என்ன தழும்பு?" என்றாள்.

"தோசைக்கல்" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன்.

செல்லப்பாவுக்கு அவசர புத்தி. கல்யாணத்தன்றே மாலையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்ட ஆள். அவர் அம்மா பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்டு வாங்கியவள். அந்த வீட்டுப் பிள்ளை கையை எந்த லட்சணத்தில் கழுவியிருக்கும்?

ஐப்பசி 23, வியாழன்

மருந்து வாங்குகிற ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை, காதோடு நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, மடியில் தகரப் பெட்டி. பகல் பதினொன்றரை மணி, சுற்றி ஐம்பது பேர். டிங்சர் வாசனை அடித்தது.

என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

புனிதா தோளைத் தொட்டதும் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அங்கே யாரோ ஒரு பெரியவர், எக்ஸ்ரே உறையோடு.

ஐப்பசி 24, வெள்ளி

டாக்டர் என்னையும் செல்லப்பாவையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். உள்ளங்கை அகல வட்டத் தட்டு ஒன்றை மூடியோடு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். உள்ளே மஞ்சளாகப் பூத்திருந்தது. மஞ்சள் அரைத்த அம்மியைக் கழுவாமல் விட்டால் ஓரத்தில் காய்ந்து நிற்குமே, அந்த நிறம். இதுதான் என் பிள்ளை வயிற்றில் இருப்பது. பார்க்க அழகாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மஞ்சளுக்கு நடுவில் பொட்டு அளவு வெள்ளைக் காகிதங்கள்.

"ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்து" என்றார் டாக்டர். "மருந்துக்குக் கிருமி பயந்தா, பொட்டைச் சுத்தி வெறும் வட்டம் விழும். பாருங்க, இது நாம போட்ட பெரிய ஊசி. ஓரம் வரைக்கும் வளர்ந்து நிக்குது. இதுவும் அப்படித்தான். இதுவும். இந்த ஒண்ணுல பாதி வட்டம் இருக்கு, நேத்துல இருந்து அதைக் கொடுக்கிறோம். பெருசா நம்ப முடியாது."

ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் மஞ்சள் அண்டவில்லை. எட்டணா அகலத்துக்குத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"அது என்ன மருந்து?" என்று செல்லப்பா கேட்டார்.

டாக்டர் தட்டைக் கீழே வைத்தார். "சல்பா சேர்ந்தது. பழைய மாத்திரை. எந்த மெடிக்கலுக்குப் போனாலும் கிடைக்கும். கோமதியம்மாளுக்கு மட்டும் கொடுக்க முடியாது."

"கொஞ்சமாக் கொடுத்துப் பார்த்தா?"

"வெறும் தடிப்பு, அரிப்புன்னா துளித்துளியாக் கொடுத்துப் பழக்கலாம். வாய் வெந்து தோல் உரிஞ்சிருக்கு. அப்படி ஒருத்தருக்கு மறுபடி கொடுத்தா மருந்தே கொன்னுடும். ஆச்சி சொன்னது நல்லதாப் போச்சு. இல்லேன்னா இன்னைக்கு நானே கொடுத்திருப்பேன்."

படி இறங்கும்போது செல்லப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தை, அந்தக் கம்பவுண்டர் பாவி அன்னைக்குப் பண்ணுனது இன்னைக்கு வந்து நிக்கிது பாத்தியளா."

"ஆமா" என்றேன்.

பத்து மாத்திரை. அந்தப் பத்தும் எங்கே போயின என்று நாற்பத்தாறு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

ஐப்பசி 25, சனி

கஞ்சி. இன்று அவன் உட்காரவில்லை, கட்டில் ஓரமாக நின்றான்.

ஐப்பசி 26, ஞாயிறு. தீபாவளி

புனிதா ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்தாள். அதோடு ஒரு காகிதமும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். பின்கட்டு டிரம்மில் அதே கிருமி. அந்த டிரம்மில் மொண்டுதான் அண்டாவை நிரப்புவேன்.

"டிரம்முத் தண்ணி பைல எப்படிப் பட்டுது?" என்றாள் புனிதா. பண்டிகை நாளும் அதுவுமாக அவள் முகம் சிவந்துவிட்டது. "அண்ணாச்சி, பொய் சொல்லாதிய. ஒரு சொட்டு வாய்ப்பக்கம் நின்னாப் போதும்."

செல்லப்பா சொன்னார். "எங் கைதான் சிஸ்டர். அவசரத்துல கையைக் கழுவிட்டு ஈரத்தோட மாட்டியிருப்பேன். ஸ்பிரிட்டு போட மறந்திருப்பேன்."

"மறந்திருப்பியளா? எட்டு மாசமாத் தலையில அடிச்சுச் சொன்னேனே. ஒங்க பொண்டாட்டி உசுரோட விளையாடிருக்கிய!"

பத்து நிமிஷம் வைதாள். எதிர்க்கட்டில்காரர்களெல்லாம் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். செல்லப்பா தலையைக் குனிந்து கட்டில் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பக் கூடாது என்று கவனமாக நின்றார். அந்தக் கவனம் எனக்குத் தெரியும். முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து வயிற்றை அமுக்கினார். கோமு பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தாள். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் பார்ப்போம். தெளியலைன்னா புதன்கிழமை டியூப்பை எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

"எடுத்த பெறகு?" என்று கோமுவே கேட்டாள்.

டாக்டர் அவள் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி 27, திங்கள்

என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று நினைத்த ஒன்றை இன்று நானே சொன்னேன்.

"டாக்டர் தம்பி, எனக்கு எழுவத்தஞ்சு வயசாச்சு. நெனப்பு தப்புது. அன்னைக்குச் சொன்னதுல ஏதோ மாறிப்போச்சு போல. அது சல்பாவா இருக்காது."

டாக்டர் பேனாவை மூடினார். "ஆச்சி, நேத்து என் கார் நம்பரைச் சொன்னீங்க. நான் எந்த நாள் எந்தச் சட்டை போட்டேன்னு சொன்னீங்க."

"அது வேற."

செல்லப்பா சிரித்துவிட்டார், ஒன்பது நாளில் முதல் தடவையாக. "அத்தைக்கு மறதியா? எங்கம்மை ரெண்டு அப்பளம் கேட்டதை இருவத்தெட்டு வருசமா நேத்து நடந்த மாதிரி சொல்லுதாவ சார்."

"எம்மாக்கு மறக்காது டாக்டர்" என்றாள் கோமு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. "டியூப்பை எடுத்தா நான் செத்துருவேன்னு பயந்து மாத்திச் சொல்லுதா. அந்த மாத்திரை எனக்கு வேண்டாம். அந்த வாய் வேக்காட்டை என்னால இன்னொரு மட்டம் தாங்க முடியாது. எனக்கே நெனப்பிருக்கு."

"பயத்துல மாத்திச் சொல்றதை வச்சு நான் மருந்து கொடுக்க முடியாது ஆச்சி" என்றார் டாக்டர். "அன்னைக்கு நடந்தது வேற என்னன்னு தெரிஞ்சா சொல்லுங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றான்.

ஐப்பசி 28, செவ்வாய்

இன்று இருந்தவர்கள்: கோமு. செல்லப்பா. டாக்டர் மீரான். புனிதா. நான். முதல் சனிக்கிழமை இருந்த அதே ஐந்து பேர். நான்தான் டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன். செல்லப்பாவை வெளியே போகச் சொன்னேன். "அவிய இருக்கட்டும்" என்றாள் கோமு.

முதலில் புனிதாவிடம் அண்டாவைச் சொன்னேன். "பையைத் தண்ணில மெதக்க விட்டது நான். மருமவனுக்குப் பிடிக்காது, ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னாவ. நாந்தான் கேக்கல. அவிய கையில ஒரு தப்பும் இல்ல." புனிதா செல்லப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அடுத்தது கோமுவிடம்.

"நீ அந்த மாத்திரையைத் திங்கவே இல்லட்டி."

அவளுக்கு விளங்கவில்லை. டாக்டருக்கு விளங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். அன்று காலையில் டிஸ்பென்சரியில் ஆறு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் தேவசகாயம் என் பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினான். "நகக்கண்ணுல எவ்வளவு அழுக்கு பாரு. ஒங் கையையும் காட்டு. நீ கை கழுவாம ஊட்டுத, பிள்ளைக்குப் பேதி போகுது. தண்ணியைக் காய்ச்சிக் கொடு, கையைக் கழுவு, இந்தப் பத்து மாத்திரையைக் கொடு." பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. சுத்தமானவள் என்று பெயர் வாங்கியவள். திரும்பி வருகிற வழியில் பொட்டலத்தைப் பிரித்துத் தெப்பக்குளத்தில் போட்டேன். பத்தும் சுண்ணாம்பு மாதிரிக் கரைகிற வரை படியில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சேராங்கொட்டையை எடுத்தேன். வண்ணார் துணியில் அழியாத குறி போடுகிற அந்தக் கறுப்புக் கொட்டைதான். எங்கள் அம்மா வயிற்றுப் பூச்சிக்கு அதை ஊசியில் குத்தி விளக்கில் காட்டுவாள். வடிகிற எண்ணெயை ஒரு துளி பாலில் விட்டுக் கொடுப்பாள். ஒரே துளி. எனக்கு ஆத்திரம். கொட்டையை விரலால் நசுக்கிப் பிடித்தேன். எத்தனை துளி விழுந்தது என்று எண்ணவில்லை. எனக்கு எல்லா எண்ணும் ஞாபகம் இருக்கிறது. அது ஒன்றுதான் இல்லை, எண்ணாததனால்.

சாயங்காலம் பிள்ளை வீங்கிக் கிடந்தது. அவள் அப்பா செக்கிலிருந்து வந்து, "என்னத்தைக் கொடுத்தே?" என்றார். "கம்பவுண்டர் மாத்திரை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்குத் தெருவில் தேவசகாயத்தின் கண்ணாடி உடைந்தது, சட்டை கிழிந்தது. ஒரு வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நாசரேத்துப் பக்கம் போய்விட்டான். பிறகு எந்த டிஸ்பென்சரியிலும் அவனுக்கு வேலை இல்லை என்று கேள்வி.

"சேராங்கொட்டை" என்றார் டாக்டர் மெதுவாக. "வாயும் வேகும், தோலும் பொத்துப்போகும். சரியாப் பொருந்துது. அதுக்கப்புறம் எப்பவாவது சல்பா சாப்பிட்டிருக்காங்களா?"

"நான் விட்டதில்ல தம்பி. ஒவ்வொரு டாக்டர்ட்டயும் முந்திக்கிட்டுச் சொல்லிருவேன்."

கோமு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பூட்டிக் கெடந்த அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் துப்பிட்டு வரச் சொல்லுவியே எம்மா."

"ஆமா."

"பள்ளிக்கூடம் போவும்போது ஒருக்க, வரும்போது ஒருக்க. எட்டாவது வரைக்கும் துப்பினேன்."

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"எனக்கு ஊசி போட்டா அழாம இருக்கச் சக்கரை மிட்டாய் தருவாவ. அது எனக்கு நெனப்பிருக்கு. அந்த வாயால துப்பினேன்." டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "மாத்திரையைக் கொடுங்க."

"கொஞ்சமா ஆரம்பிக்கிறேன். அரை மணிக்கு ஒரு தடவை வாயைப் பார்க்கணும். சிறுநீரகம் இல்லாத உடம்பு, தினம் ரத்தத்துல உப்பும் பார்க்கணும். டியூப்பை எடுக்கிறதை மூணு நாள் தள்ளி வைக்கிறேன்" என்றார் டாக்டர். புனிதா கத்தரிக்கோலால் சிவப்புப் பட்டையை வெட்டினாள்.

வெள்ளை மாத்திரை. நடுவில் வெட்டு. கோமு அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

ஐப்பசி 29, புதன்

வாய் சுத்தமாக இருக்கிறது. தடிப்பு இல்லை. தண்ணீர் இன்னும் கஞ்சிதான்.

கோமு என்னோடு பேசவில்லை. நோட்டைச் செல்லப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். வலது பக்கம் இனிமேல் அவர் கையெழுத்து. எழுதிவிட்டு நோட்டை என் ஸ்டூலின் மேல் வைத்துவிடுகிறார், இடது பக்கத்தைப் புரட்டாமல்.

ஐப்பசி 30, வியாழன்

காய்ச்சல் நூறு. நான் ஆஸ்பத்திரிக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். புனிதா சொன்ன முறைப்படி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. நாற்பத்தாறு வருஷம் முன்னால் ஒருவன் சொன்னதும் இதைத்தான். சுவர்க் கண்ணாடியில் அவன் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் போய்விடுவான் என்று நினைத்திருந்தேன்.

கார்த்திகை 2, சனி

செல்லப்பா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வராண்டாவில் என்னைத் தேடி வந்தார். "அத்தை, பேப்பரைப் பிடிங்க." அன்றைய செய்தித்தாளைப் பைக்குப் பின்னால் பிடித்தேன். சின்ன எழுத்து தெரியவில்லை. ஆனால் தலைப்பு படிக்க முடிந்தது. நெல் கொள்முதல் பற்றி ஏதோ. இரண்டு பேரும் அதை மறுபடி மறுபடி படித்தோம்.

"மருமவனே, அண்டா சங்கதியை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"ஒங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது அத்தை" என்றார். "நீங்க தாங்க மாட்டிய."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை அவரிடம் காட்டவில்லை.

கார்த்திகை 4, திங்கள்

சின்ன எழுத்தும் தெரிகிறது. வரன் தேடும் விளம்பரம்வரை. டாக்டர், குழாயை எடுக்க வேண்டாம், மாத்திரை மூன்று வாரம் போகட்டும் என்றார். புனிதா அழுதுவிட்டாள். கோமு ஒரு இட்லி முழுதாகச் சாப்பிட்டாள். சட்னி காரம் என்று செல்லப்பாவிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

கார்த்திகை 10, ஞாயிறு. திருக்கார்த்திகை

நாளை வீட்டுக்கு. டிரம்மையும் அண்டாவையும் செல்லப்பா முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார். பையைச் சூடாக்க உலர்ந்த பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம்.

மத்தியானம் கோமு நோட்டை என் மடியில் வைத்தாள். "அவிய எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. நீயே எழுது." எழுதினேன். உள்ளே இரண்டாயிரம். வெளியே இரண்டாயிரத்து நூற்றைம்பது. நிறம்: தெளிவு.

பன்னிரண்டு நாள் கழித்து என்னிடம் பேசியிருக்கிறாள். அடுத்ததாக ஒன்று கேட்டாள்.

"எம்மா. அவியளுக்குத் தெரியுமா?"

"ஆருக்கு?"

"கம்பவுண்டர் மாமாக்கு. நீதான் செஞ்சேன்னு."

"தெரியாது" என்றேன்.

நம்பிவிட்டாள். எனக்குத்தான் மறதி கிடையாதே.

பிள்ளை வீங்கிக் கிடந்த அந்தச் சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: பாயில் கோமு. தலைமாட்டில் நான். வாசற்படியில், செக்கெண்ணெய்க் கையோடு அவள் அப்பா. அவர் இழுத்துக்கொண்டு வந்த தேவசகாயம் கம்பவுண்டர். வேறு யாரும் இல்லை.

கம்பவுண்டர் மண்டியிட்டார். லாந்தரை இழுத்துவைத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்தார். உதட்டோரம் கறுப்பாக ஒரு கோடு, எத்தனை துடைத்தும் போகாதது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக என் கைப்பக்கம் திரும்பினார். ஆள்காட்டி விரல் நுனி கன்றிக் கறுத்திருந்தது. நான் முந்தானைக்குள் இழுத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பக் கூடாது என்று கவனமாக இருந்தார்.

"எவன் கொடுத்த விஷம்லே இது?" என்று அவள் அப்பா அரிவாளுக்குக் கையை நீட்டினார்.

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "என் மாத்திரைதான் ஐயா. பிள்ளைக்குச் சேரல. நேரத்தைப் போக்காதிய, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது.

நான் கேட்கவில்லை. ஒரு ஜாடைகூடக் காட்டவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். 'சேராங்கொட்டை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை வெட்டியிருப்பார்கள், அல்லது முடியைப் பிடித்து இழுத்து அம்மா வீட்டில் தள்ளியிருப்பார்கள். அது அன்றோடு முடிந்திருக்கும். சொல்லாமல் போனதால் நாற்பத்தாறு வருஷம் நான் அவரை வைய வேண்டியதாயிற்று. வைவதை நிறுத்தினால் நினைக்க வேண்டியிருக்கும். அதற்காகவே பிள்ளையைத் துப்ப வைத்தேன்.

புனிதா ஜன்னலில் இரண்டு அகல் விளக்கு வைத்திருக்கிறாள். அதற்கும் அப்பால் அவர் நிற்கிறார். தகரப் பெட்டியைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறார்.

நல்ல நாள் என்பதால் மனசில் உள்ளதைத் தீர்த்துவிட நினைத்தேன். வளைகாப்பன்று என் வயிற்றைப் பார்த்து உதட்டைச் சுழித்த நாத்தனார் பொன்னுத்தாயை மன்னித்தாயிற்று. இரண்டு அப்பளம் கேட்ட சம்பந்தியம்மாளையும். டிஸ்பென்சரியில் சிரித்த ஆறு பெண்களை, பெயர் பெயராகச் சொல்லி. கண்ணாடியை உடைத்த கைக்கு உடையவரை. வாயை மூடிக்கொண்டு வசவு வாங்கிய மருமகனையும், அரைமனதாக. என்னை மன்னிப்பதைக் கோமு பார்த்துக்கொள்வாள்.

ஒருவரை மட்டும் என்னால் முடியாது. என் விரலைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் போன தேவசகாயம் கம்பவுண்டரை.